ஜிஐ தகரத்தில் ஒரு ஆணித் தட்டு: முதன்முறை செய்பவர்களுக்கு

திருகு, ஆணி போட்டு வைக்க 20 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரத்தில் ஒரு தட்டு செய்வோம். எதற்கு அடுத்து எதை மடக்குவது என்பதில்தான் தகர வேலையில் பாதி இருக்கிறது. இந்தச் சின்னத் தட்டே அதைக் கற்றுக்கொடுத்துவிடும்.

முதலில் தகரம். சுமார் 1200 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சிய எஃகுப் பாளத்தை உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தகடாக்குகிறார்கள். அமிலத்தில் கழுவிய பின், காய்ச்சாமலே மறுபடி உருட்டி மெல்லியதாக்குகிறார்கள். உருட்ட உருட்ட எஃகு விறைத்துப்போகும். திரும்பச் சூடாக்கி இளக்கினால்தான் நம் கைக்கு மடங்கும். அப்புறம் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் ஜிஐ ஷீட். கடையில் 26 கேஜ் கேளுங்கள், ஏறக்குறைய 0.55 மி.மீ. இருக்கும். கேஜ் எண் கூடினால் தகரம் மெலியும்.

1. கையுறை போட்டு, 276 × 196 மி.மீ. துண்டு வெட்டுங்கள். தகரக் கத்தரியை முழுக்க மூடாதீர்கள், மூடும் இடத்தில் வெட்டு விளிம்பு பல் பல்லாகிவிடும்.

2. நான்கு ஓரத்திலிருந்தும் 8 மி.மீ., 38 மி.மீ. தள்ளிக் கோடு போடுங்கள். மடிப்புக் கோட்டுக்கு மார்க்கர் போதும். ஊசியால் கீறினால் துத்தநாகம் உரிந்து அங்கேயே துருப்பிடிக்கும்.

3. 38 மி.மீ. கோடுகள் சந்திக்கும் நான்கு இடத்திலும் 3 மி.மீ. ஓட்டை போடுங்கள். மூலை கிழியாமல் காப்பது அதுதான். மூலைச் சதுரத்தில் நீளச் சுவரோடு ஒட்டி 15 மி.மீ. காது (அடுத்த சுவரோடு சேர்த்து ரிவெட் அடிக்கும் சின்னப் பட்டை) மட்டும் விட்டு, மீதியை வெட்டுங்கள். காதின் மேல்முனை 8 மி.மீ. கோட்டுக்கு ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) கீழே நிற்கட்டும்.

4. இப்போது ஓரம். இரண்டு ஆங்கிளுக்கு (L வடிவ இரும்புப் பட்டை) நடுவே கிளாம்ப் போட்டு, அந்த 8 மி.மீ. பட்டையை வெளிப்பக்கமாக மரச்சுத்தியலால் சாய்த்து, பிறகு தட்டையாக்குங்கள். இதைக் கடைசிக்கு விடவே கூடாது. சுவர் எழுந்துவிட்டால் சுத்தியலுக்கு இடம் இருக்காது; பிரித்து மறுபடி மடக்கினால் மடிப்பில் விரிசல் விடும்.

5. காதுகளை உள்ளே மடக்குங்கள். அடுத்து நீளச் சுவர்கள், கடைசியில் குட்டைச் சுவர்கள். உள்ளே 198 × 118 மி.மீ. மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். கட்டையை எடுத்ததும் சுவர் கொஞ்சம் திரும்பி விரியும். கையாலேயே இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக அழுத்திவிடுங்கள்.

6. மூலைக்கு ஒரு 3.2 மி.மீ. பாப் ரிவெட் (ஓட்டையில் செருகி, ரிவெட் கன்னால் இழுத்து இறுக்கும் ஆணி) போட்டு, காதையும் குட்டைச் சுவரையும் இணையுங்கள். பிசிறை அரத்தால் தேயுங்கள். ஜிஐ தகரத்தில் வெல்டிங் வேண்டாம், துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வரும்.