எருது விடும் விழாவில் ஃபோகஸ் தப்பாமல் படம் எடுக்க

பொங்கல் கழிந்ததும் கிருஷ்ணகிரிப் பக்கம் ஊருக்கு ஊர் எருது விடுவார்கள். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் எடுத்துவரும் படங்களில் பெரும்பாலும் பின்னால் நிற்கும் கூட்டம் பளிச்சென்று இருக்கும், மாடு மட்டும் மங்கிப் போயிருக்கும். லென்ஸைத் திட்டுவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

முதலில் ஃபோகஸ் மோடு. ஒன் ஷாட் அல்லது ஏஎஃப்-எஸ்ஸில் பட்டனைப் பாதி அழுத்தியதும் ஃபோகஸ் அதே தூரத்தில் நின்றுவிடும். முழுதாக அழுத்துவதற்குள் மாடு எங்கேயோ போயிருக்கும். நிகான், சோனியில் ஏஎஃப்-சி, கேனான் டிஎஸ்எல்ஆரில் ஏஐ சர்வோ வையுங்கள். பட்டனை விடாத வரை கேமரா தூரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிடும்.

ஷட்டர் வேகம் 1/1000க்குக் குறைய வேண்டாம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோவில் இருக்கட்டும்.

அப்புறம் ஃபோகஸ் புள்ளி. சொதப்பல் பாதி இங்கேதான். எல்லாப் புள்ளிகளையும் கேமராவிடம் விட்டால் தடுப்புக் கம்பியையோ, குறுக்கே நீளும் கையையோ பிடித்துக்கொள்ளும். கேனான் 1500டி மாதிரி 9 புள்ளி கேமராவில் நடுப்புள்ளிதான் நம்பகமானது. அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொம்பில் கட்டிய தட்டியில் குறி வைக்காதீர்கள். வண்ணக் காகிதம் ஃபோகஸைச் சட்டென்று இழுக்கும், மாட்டின் கண் மங்கிவிடும். 250 மி.மீ. லென்ஸில், லென்ஸ் துளை அளவு எஃப் 5.6ல், பத்து மீட்டர் தூரத்தில் தெளிவு விழும் ஆழம் சுமார் ஓரடிதான். முகத்தில் வையுங்கள், தலையை ஆட்டிக்கொண்டே வந்தால் கழுத்தடியில்.

ஃபோகஸைப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றுவது நல்லது. ஏஎஃப்-ஆன் பட்டன் இல்லாவிட்டால் கேனானில் நட்சத்திரக் குறி போட்ட பட்டனை மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். யாராவது குறுக்கே வந்தால் கட்டைவிரலை எடுங்கள், ஃபோகஸ் அங்கேயே நிற்கும்.

நேராக மாட்டிடம் போகாமல் ஒகேனக்கல் பரிசலில் பழகுங்கள். குறுக்கே, மெதுவாகப் போகும், பின்தொடர்வது சுலபம். அது கைவந்ததும் சாலையில் எதிரே வரும் பேருந்து. எதிரே வருவதுதான் கஷ்டம்: கிட்டே வர வர லென்ஸ் இன்னும் வேகமாக நகர வேண்டும்.

விழா அன்று "அண்ணா, ஓரமா நின்னுக்கறேன்" என்று கேட்டு ஒரு மாடியில் இடம் பிடியுங்கள். தடுப்புக்கு உள்ளே இறங்கவே வேண்டாம். மாடு வெளியே வந்ததுமே கட்டைவிரலை அழுத்திப் பின்தொடருங்கள். தொடர் ஷாட்டைக் கிட்டே வந்த பிறகு போடுங்கள். சுருக்காத பெரிய கோப்பான ரா (RAW) வடிவில் எடுத்தால் சின்னக் கேமரா சில படங்களிலேயே திணறி நின்றுவிடும், ஜேபெக் போதும்.