காஸ்வெல் கவுண்டியின் பழைய கட்டடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வடக்கு எல்லையில், வர்ஜீனியாவை ஒட்டிக் கிடக்கிறது காஸ்வெல் கவுண்டி (மாவட்டம் போன்றது). டர்ஹமிலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ராலே, கேரி பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் அங்கே போனால், கவுண்டியின் தலைமை ஊரான யான்சிவில்லின் பழைய நீதிமன்றத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். 1858-க்கும் 1861-க்கும் இடையில் எழுந்த அந்தக் கட்டடத்தின் தூண் தலைப்புகளில் மக்காச்சோளக் கதிரும் புகையிலை இலையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த இலை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போக வேண்டாமா?

1839-ல் இந்தக் கவுண்டியின் ஸ்லேட் பண்ணையில் ஸ்டீபன் என்ற அடிமை இளைஞர், புகையிலை உலர்த்த மூட்டி அணையப் போன நெருப்பில் கரியை அள்ளிப் போட்டார். சூடு ஏறியதில் இலை பொன்மஞ்சளாக உலர்ந்தது. வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இது. அந்தப் பொன்னிற இலையின் பணம்தான் அடுத்த இருபது ஆண்டுகளில் வெள்ளைத் தூண் வீடுகளாக நின்றது. இலை உலர்ந்த கொட்டகைகளோ சாலையோரக் கொடிகளுக்குள் மறைந்து கிடக்கின்றன. என் கண்ணுக்கு இந்தக் கவுண்டியின் தலையாய கட்டடம் அந்தக் கொட்டகைதான்.

சென்ற இலையுதிர் காலத்தில், நிலக்காரரிடம் கேட்டுக்கொண்டு அப்படி ஒன்றுக்குள் நுழைந்தேன். பக்கத்துக்குப் பதினாறு அடி இருக்கும். கோடரியால் செதுக்கிய மரங்களை மூலையில் ஒன்றையொன்று கவ்வும்படி வெட்டி அடுக்கியிருந்தார்கள். இலைகளைத் தொங்கவிடும் கழிகள் கூரைவரை வரிசை வரிசையாக. மர இடுக்கில் அப்பிய செம்மண்ணில் நான்கு விரல்கள் அழுந்திய தடம் அப்படியே இருந்தது. அடுத்த இடுக்கில் யாரோ சிமெண்டைத் திணித்திருந்தார்கள். மரம் மழையில் ஊறும், வெயிலில் சுருங்கும், சிமெண்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவே விழும் விரிசலில் தண்ணீர் தங்கி, மரம் உள்ளிருந்து உளுக்கிறது. மண் உதிர்ந்தால் மண்ணும் சுண்ணாம்பும் குழைத்துத்தான் அப்ப வேண்டும்.

புகைபோக்கிகளிலும் இதே கதை. பழைய செங்கல் மென்மையானது; சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மையானது. ஈரம் சாந்து வழியே வெளியேறுகிறது. அந்த இடத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் செங்கல்லுக்குள் சிக்கி, குளிரில் உறைந்து, கல்லின் முகத்தைப் பெயர்த்துவிடும். பூசுவதற்கு முன் ஆணியால் பழைய சாந்தைக் கீறிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பாக இருக்க வாய்ப்பு அதிகம். மணலைப் பீய்ச்சிச் செங்கல்லைச் சுத்தம் செய்வதும் கூடாது. சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் போய்விடும்.

வாசலைப் பார்த்து வீட்டுக்கு வயது சொல்வது இன்னொரு தவறு. புகையிலைப் பணம் வந்ததும் பலர் பழைய ஒற்றையறை மரவீட்டை இடிக்காமல், அதற்கு முன்னால் இரண்டு மாடி எழுப்பினார்கள். பழையது பின்கட்டாகிச் சமையலறை ஆனது. இன்று வாங்குபவர் 'பின்னால் இருக்கும் குப்பை' என்று அதைத்தான் முதலில் தள்ளுகிறார். வீட்டிலேயே மூத்த பகுதி அதுவாக இருக்கலாம். ஒரு பலகையை மெல்ல நெம்பி ஆணியைப் பாருங்கள். பட்டையாகச் சதுர முனையோடு இருந்தால் பெரும்பாலும் 1890-க்கு முந்தையது. உருண்டைக் கம்பி ஆணி அதற்குப் பிறகுதான் பரவியது. 1978-க்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி சுரண்ட வேண்டாம்.

மில்டன் ஊரில் தாமஸ் டே என்ற சுதந்திரக் கறுப்பினத் தச்சர் வாழ்ந்தார். சுருள் சுருளாக வளையும் படிக்கட்டுத் தூண்களும் கணப்புச் சட்டங்களும் அவர் பட்டறையின் அடையாளம். வர்ஜீனியாவில் மணந்த மனைவியை அழைத்துவரச் சட்டம் இடம் தரவில்லை. 1830-ல் ஊர் வெள்ளையர்கள் மனுக் கொடுத்து அனுமதி பெற்றுத் தந்தார்கள். அவரிடமும் அடிமைகள் இருந்தார்கள். அதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்வதும் தவறுதான். அவர் செய்த கணப்புச் சட்டங்களைக் கழற்றித் தனியே விற்றால், எந்த வீட்டுக்கு, எந்தச் சுவருக்குச் செய்தார் என்ற விவரம் அறுந்துபோகிறது.

அவர் 1848-ல் வாங்கிய யூனியன் டேவர்ன் என்ற பழைய விடுதிக் கட்டடம் 1975-ல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1989-ல் தீக்கு இரையாகி, பிறகு சீரமைக்கப்பட்டது. 1966-ன் சட்டப்படி அமைந்த, வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஒரு வீடு ஏறிவிட்டால் யாரும் இடிக்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். உரிமையாளர் சொந்தப் பணத்தில் இடிப்பதை அந்தப் பட்டியல் தடுக்காது.

கொட்டகைக்கு எந்தப் பட்டியலும் இல்லாவிட்டாலும் கூரை இருந்தால் போதும், பல காலம் நிற்கும். நான் பார்த்ததில் ஒரே ஒரு தகரம் காற்றில் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே இருந்த மரம் மட்டும் கறுத்துப் பஞ்சாகியிருந்தது. உங்கள் நிலத்தில் அப்படி ஒன்று இருந்தால், சுவரைத் தொடுவதற்கு முன், குளிர் தொடங்குவதற்கு முன், அந்தத் தகரத்தை அடித்துவிடுங்கள்.