தோல் செதுக்கும் கருவிகள்: வாங்கும்போதும் பிடிக்கும்போதும் நாம் செய்கிற தவறுகள்

தோலில் பூவும் இலையும் செதுக்கும் ஆசை வந்ததும் பெரும்பாலோர் செய்கிற முதல் வேலை, தோல்மேல் வைத்துத் தட்டிப் பதிக்கும் ஐம்பது அச்சுகள் கொண்ட பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். அந்த ஐம்பதில் இன்று மேசைமேல் இருப்பவை எட்டு. மீதியெல்லாம் பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் அவற்றைக் களிமண்ணில் குத்தி விளையாடுவார்கள்.

நான் சொல்வது அமெரிக்கக் குதிரைச் சேணங்களில் வளர்ந்த செதுக்கு முறையை. வயோமிங் மாநிலத்தின் ஷெரிடன் ஊரில் டான் கிங் என்ற சேணக் கலைஞர் பேர்பெறச் செய்த பாணியில், பூக்களும் சுருள் கொடிகளும் இடைவெளி விடாமல் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு ஓடும். பார்த்தால் நூறு கருவி தேவைப்படும் போலத் தெரியும். உண்மையில் அடிப்படை வேலைக்கு, விரலால் திருப்பிக்கொண்டே கோடு வெட்டும் ஒரு சுழல் கத்தியும் ஆறு அச்சுகளும் போதும். வெட்டின கோட்டின் ஓரத்தைச் சரிவாக அமுக்க ஒரு பெவலர், இதழில் குழி விழ வைக்க ஒரு பேர் ஷேடர், தண்டிலும் இலையிலும் விசிறிக் கோடு போட ஒரு கேமஃப்ளாஜ், நரம்பு போட ஒரு வெய்னர், பூ நடுவில் விதைப் புள்ளி வைக்க ஒரு சீடர், பின்புலத்தைத் தாழ்த்த ஒரு பேக்ரவுண்ட் அச்சு. இதைத் தாண்டி எதுவும் வாங்கத் தோன்றினால் இரண்டாவது பெவலரை வாங்குங்கள். பெரியது ஒன்று, குறுகலான மூலைக்குச் சிறியது ஒன்று. பெவலர்தான் எழுபது சதவீத வேலையைச் செய்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. கணக்கெடுத்துச் சொல்லவில்லை, என் கை வலியை வைத்துச் சொல்கிறேன்.

மலிவு அச்சுகளில் குறை இருப்பது முகத்தில். கைப்பிடி எவ்வளவு பளபளத்தாலும், முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வார்ப்பின் பிசிறு ஒட்டியிருக்கும். ஓரம் கத்திபோல் கூராக இருக்கும். அந்த ஓரம் தோலை அமுக்காது, அறுக்கும். அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். 600 எண் வாட்டர் பேப்பரில் ஓரத்தை மெல்ல உருட்டி, 1000-இல் முடித்தால் பல அச்சுகள் பிழைத்துக்கொள்ளும். கொஞ்சம் பொறுமை இருந்தால் கடையில் வாங்கும் போல்ட்டின் முனையையே அரத்தால் ராவி அச்சு செய்துகொள்ளலாம். பழைய சேணக்காரர்களும் ஆணியையும் இரும்புக் கம்பியையும் ராவித்தான் தங்கள் அச்சுகளைச் செய்துகொண்டார்கள்.

சரி, கருவி இருக்கிறது. இப்போது எதன்மேல் அடிக்கப் போகிறோம்?

இங்கேதான் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான சிக்கல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் ஊர்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. ஆனால் காலணிக்கும் பைக்கும் போகிற தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பில், அதாவது குரோமில் பதனிட்டது. அதில் எந்த அச்சை எவ்வளவு அடித்தாலும் நுரைப் பஞ்சுபோல் மேலே எழும்பிவிடும். செதுக்க வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல், கடைகளில் 'வெஜ்' என்பார்கள். அதற்கும் இந்த மண்ணில் பாரம்பரியம் உண்டு. ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று உலகச் சந்தையில் பேர் வாங்கி, புவிசார் குறியீடும் பெற்றது இங்கே ஆவாரம் பட்டையிலும் பின்னர் வாட்டில் மரத்தின் பட்டையிலும் பதனிட்டு, கடுக்காய் சேர்த்து முடித்த தோல்தான். ஆனால் அதில் ஆட்டுத் தோலும் கன்றுத் தோலும் நிறைய. ஒரு மில்லிமீட்டர் ஆட்டுத் தோலில் சுழல் கத்தியை வைத்தால் மறுபக்கம் வந்துவிடும். சாந்திநிகேதன் பைகளில் பார்க்கிற அழுத்து வேலை மெல்லிய தோலுக்கு ஏற்றது. அது வேறு முறை. நம் வேலைக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறையாத மாட்டுத் தோல் வேண்டும். சின்னப் பர்ஸ் என்றால் 2 மில்லிமீட்டர் வரை இறங்கலாம், வெட்டு ஆழம் குறைவாக இருக்கும்.

சென்னை பெரியமேட்டுக் கடையில் தோல் வாங்கும்போது, வாங்கும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உடனே உள்ளே இழுத்துக் கருத்தால் நல்லது. முத்துபோல் உருண்டு நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. அப்புறம் வெட்டு விளிம்பைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம். கடைக்காரர் 'எல்லாம் வெஜ்தான் சார்' என்பார். தண்ணீரையும் விளிம்பையும் நம்புங்கள்.

அடுத்த தவறு தண்ணீரில். இதைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் முதல் பத்துத் துண்டுகளும் இங்கேதான் நாசமாயின.

பஞ்சில் தண்ணீர் தொட்டு மேலே தடவி, உடனே கத்தியை வைப்போம். மேல்பரப்பு ஈரம், உள்ளே காய்ந்த கட்டை. கத்தி உறுத்தும், அச்சு பதியாது. உடனே இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். இப்போது சதசதவென்று இருக்கும். அடிக்கும்போது பளிச்சென்று தெரிகிற அச்சு, காய்ந்ததும் மழுங்கிப் போயிருக்கும். சப்பாத்தி மாவைப் பிசைந்து மூடி வைப்பதில்லையா, தோலுக்கும் அதே வேலை. முழுத் துண்டையும் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழ் வருவது நிற்கும்வரை வைத்து, எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் எடுத்து வெளியில் வைத்தால் கருத்த தோல் மெல்ல மெல்லத் தன் பழைய நிறத்துக்குத் திரும்பும். நிறம் ஏறக்குறையத் திரும்பிவிட்டது, ஆனால் கன்னத்தில் வைத்தால் இன்னும் ஜில்லென்று இருக்கிறது. அதுதான் நேரம். அப்போது பெவலரால் அடித்தால், அடித்த இடம் கருஞ்சிவப்பாக மின்னும். அந்த மினுமினுப்பு வரவில்லையென்றால் ஈரம் சரியில்லை, அச்சைக் குறை சொல்லாதீர்கள்.

சித்திரை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் அந்த நேரம் சீக்கிரம் ஓடிவிடும். விசிறியை நிறுத்துங்கள், வேலை செய்யாத பாதியைப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். காய்ந்த இடத்துக்கு மட்டும் பஞ்சால் ஒற்றினால் ஈரத்தின் எல்லையில் கறைக் கோடு விழும். துண்டு முழுக்கச் சீராக ஈரப்படுத்துவதுதான் வழி. ஐப்பசி மழையில் எதிர்ப் பிரச்சினை: பையில் இரண்டு நாள் மறந்துவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

தண்ணீரில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஒருமுறை துண்டு முழுக்க மிளகு தூவினது போலக் கரும்புள்ளிகள் வந்தன. தோல் கெட்டுப்போனது என்று நினைத்து இன்னொன்று எடுத்தேன், அதிலும் வந்தது. குற்றவாளி என் எஃகு அரத்தின் தூளும் போர்வெல் தண்ணீரில் இருந்த இரும்பும். பட்டையில் பதனிட்ட தோலில் டேனின் என்ற துவர்ப்புச் சத்து இருக்கிறது. டேனினும் இரும்பும் சேர்ந்தால் கருமை. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சின அதே வேதியியல்தான், நான் அதைத் தெரியாமல் பெல்ட்மேல் செய்துகொண்டிருந்தேன். குடிநீர் கேன் தண்ணீர் பயன்படுத்துங்கள். அரம் ராவின மேசையில் தோலை வைக்காதீர்கள். புள்ளி வந்துவிட்டால் எலுமிச்சைச் சாறு சில துளிகளைத் தண்ணீரில் கலந்து துடைத்தால் பெரும்பாலும் மறையும்.

தாளில் வரைந்த படத்தைத் தோலுக்கு மாற்றும்போது பால்பாயின்ட் பேனா கூடாது. அந்த மை தோலில் இறங்கினால் சாயம் பூசினாலும் எட்டிப்பார்க்கும். மை தீர்ந்த ரீஃபில் அருமையாக வேலை செய்யும்.

இப்போது சுழல் கத்தி. புதிதாக வருபவர்கள் இதைப் பேனாபோல் பிடித்துவிடுகிறார்கள். மேலே உள்ள வளைவில் ஆள்காட்டி விரல் உட்காரும். அழுத்தம் முழுக்க அங்கிருந்து. கட்டை விரலும் நடுவிரலும் உருளையைத் திருப்புகிற வேலையை மட்டும் செய்யும். சுண்டு விரல் தோலைத் தொட்டுக்கொண்டு இருக்கும். கத்தியை முன்னால் சாய்த்து அலகின் ஒரு மூலையால் வெட்டிக்கொண்டு, கோடு உங்களை நோக்கி வரவேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் கோட்டின் அடி உள்வாங்கி, பெவலர் அடிக்கும்போது ஓரம் கிழிந்து எழும். எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு சின்னக் கண்ணாடி. மேசையில் எதிரே நிறுத்திவைத்து வெட்டிப் பார்த்தேன். நேராகப் பிடித்திருக்கிறேன் என்று நான் சத்தியம் செய்த கத்தி, கண்ணாடியில் வலப்பக்கம் குடை சாய்ந்து நின்றது.

ஆழம் தோலின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை. கோட்டின் கடைசியில் அழுத்தத்தை மெல்ல மெல்லத் தளர்த்தி எடுக்க வேண்டும். சட்டென்று தூக்கினால் கோடு முட்டி நின்றதுபோல் இருக்கும். கோட்டைக் கோடு தாண்டவே கூடாது. தாண்டின வெட்டை மறைக்க ஒரு வழியும் இல்லை.

கத்தி இழுக்கும்போது தோல் கூடவே வந்தால், ஈரம் சரியாக இருக்கிற பட்சத்தில், அலகுதான் காரணம். உடனே கல்லில் தேய்க்கப் போகாதீர்கள். இந்த அலகுக்குக் கூரைவிட வழவழப்பு முக்கியம். பழைய முடிதிருத்தும் கடையில் கத்தியைத் தோல் வாரில் இப்படியும் அப்படியும் தீட்டுவார்களே, அது போதும். ஒரு தோல் துண்டை மரப்பலகையில் ஒட்டி, ஸ்டீல் பாலிஷ் பட்டறைகளில் கிடைக்கும் பச்சை பஃபிங் சோப்பைத் தேய்த்துவிடுங்கள். அலகின் சரிவு முழுக்கப் படியும்படி வைத்துப் பின்னோக்கி மட்டும் இழுங்கள். இழுப்பின் முடிவில் கையைத் தூக்கினால் முனை மழுங்கும். பத்து நிமிட வெட்டுக்கு ஒரு தடவை இதைச் செய்கிறேன். புது அலகையும் தீட்டாமல் தோலில் வைப்பதில்லை.

பெவலரில் பலருக்கும் முதலில் எழும் கேள்வி, கோட்டின் எந்தப் பக்கம் அடிப்பது? எது முன்னால் தெரிய வேண்டுமோ, அதற்கு வெளிப்பக்கம். இதழ் முன்னால் வரவேண்டுமென்றால் இதழுக்கு வெளியே. இரண்டு பக்கமும் அடித்தால் ரயில் தண்டவாளம்தான் மிஞ்சும். அச்சின் தடித்த விளிம்பு வெட்டுக்குள் உட்கார வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் அச்சின் அகலத்தில் பாதிக்கும் குறைவாகவே நகர்த்துங்கள். ஒரு இடத்தில் ஓங்கி அடித்துத் தூக்கி அடுத்த இடத்தில் வைத்தால் படிக்கட்டு விழும். லேசாக, மழைத்தூறல் சத்தம்போல் விடாமல் தட்டிக்கொண்டே நகர்ந்து, தேவையானால் மறுபடி ஒரு சுற்று வாருங்கள். சீடர் அச்சுக்கு நேர் எதிர்: ஒரே தட்டு. இரண்டாவது தட்டு தட்டினால் வட்டம் பிய்ந்து கையோடு வந்துவிடும்.

அடிப்பதற்கு இரும்புச் சுத்தியல் வேண்டவே வேண்டாம். அச்சின் தலை பிதுங்கும், முலாம் தெறிக்கும். 450 கிராம் அளவில் நைலான் சுத்தியலோ, ஆசாரியிடம் இருக்கும் சின்னக் கொட்டாப்புளியோ போதும். முழங்கையிலிருந்து வீச வேண்டாம், மணிக்கட்டு அசைந்தால் போதும்.

கீழே கல் வேண்டும். மரப்பலகை அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். பதிவு பாதிதான் விழும். இதற்குக் காசு செலவழிக்காதீர்கள். சமையல் மேடையில் சிங்க் வைக்க வெட்டி எடுத்த கிரானைட் துண்டு எந்தக் கல் கடையிலும் மூலையில் கிடக்கும். கனம் பத்தாது என்றால் இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். பாட்டியின் அம்மியைக் கவிழ்த்து வைத்து நான் செய்து பார்த்ததுண்டு. தோலின் பின்பக்கம் முழுக்க அம்மிக் கொத்து. மேசையில் வேலை என்றால் மேசைக் காலுக்கு நேர் மேலே கல்லை வையுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்தால் அந்தக் கவலையே இல்லை, கீழ் வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்கிற வரை. கல்லுக்கடியில் ஒரு ரப்பர் பாய் போட்டால் அவரும் கொஞ்சம் பொறுப்பார்.

அடிக்க அடிக்கத் தோல் விரியும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பர்ஸுக்குச் சரியாக வெட்டிவைத்த துண்டு, வேலை முடிந்ததும் ஒரு பக்கம் நீண்டு நிற்கும். பின்பக்கம் அகலமான டேப்பை நெருக்கமாக ஒட்டிக்கொண்டு அடியுங்கள். இறுதி அளவுக்கு வெட்டுவதை எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அலங்காரக் கோடுகள். இதழின் நடுவில் கத்தியால் வளைத்து இழுக்கும் அந்தச் சின்ன வெட்டுகளை, எல்லா அச்சும் முடிந்த பிறகுதான் போட வேண்டும். அவற்றுக்குப் பெவலர் கிடையாது. ஆசைப்பட்டு முதலிலேயே போட்டுவிட்டால், அச்சு அடிக்கும்போது மூடிக்கொண்டுவிடும்.

வேலை முடிந்து அச்சுகளை எங்கே வைப்பது? இவ்வளவு நாள் உழைத்ததற்கு அழகாகத் தோலிலேயே சுருட்டுப் பை தைத்து வைக்கத் தோன்றும். நானும் தைத்தேன். அந்த வருட மழைக்காலம் முடிந்து திறந்தபோது, முலாம் போன இடமெல்லாம் துரு. ஒவ்வோர் அச்சுக்கும் நேராகத் தோலில் ஒரு கரிய நிழல். டேனினும் இரும்பும் மறுபடி மை காய்ச்சியிருந்தன. இப்போது ஒரு மரக்கட்டையில் துளை போட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தச் சுருட்டுப் பையில் பென்சில்கள் இருக்கின்றன.