நன்கொடை நின்றால் எத்தனை மாதம்? பெரிய கல்வி அறக்கட்டளையின் கணக்கைப் படிக்கும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு ஒரு பெரிய கல்வி அறக்கட்டளை கல்லூரிக் கட்டணம் கட்டி வந்தது. மூன்றாம் ஆண்டின் நடுவில் நான்கு வரிக் கடிதம் ஒன்றை அனுப்பி, உதவித்தொகையை நிறுத்திவிட்டது. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி என் தங்கை மகள். அவளுடைய கடைசி இரண்டு பருவங்களின் கட்டணத்துக்காக என் தங்கை கறவை மாடுகள் இரண்டையும் விற்றாள். நான் கோயம்புத்தூரில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் 26 ஆண்டுகள் கணக்கெழுதியவள். கடிதம் வந்த பிறகுதான் அந்த அமைப்பின் கணக்கை எடுத்துப் படித்தேன். பணம் வற்றிக்கொண்டிருந்தது இரண்டு ஆண்டுகளாகவே அந்தத் தாள்களில் தெரிந்தது.

வேலந்தாவளம் முதல் மீனாட்சிபுரம் வரை, இப்படிப்பட்ட அமைப்புகளை நம்பிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் பெற்றோருக்காகவும், மாதம் 500 ரூபாய் நன்கொடை அனுப்புகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் சிரிக்கும் படங்கள் நிறைந்த ஆண்டறிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு, தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் கேளுங்கள். கடைசி மூன்று ஆண்டுகளுக்கும் வேண்டும். பின்னிணைப்புக் குறிப்புகளும் வேண்டும். பெரிய அமைப்புகள் பலவும் இவற்றைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன. வெளிநாட்டு நன்கொடை வாங்குகிறவர்கள் அந்தப் பணத்தின் ஆண்டுக் கணக்கை, நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதங்களுக்குள் இணையத்தில் வெளியிட்டாக வேண்டும்.

இல்லையென்றால், அமைப்பு எந்தச் சட்டத்தில் பதிவானது என்று பாருங்கள். நிறுவனச் சட்டம் 2013-இன் 8-ஆம் பிரிவில் பதிவான லாப நோக்கற்ற நிறுவனம் என்றால், மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி எவரும் அதன் கணக்கைப் பார்க்கலாம். சங்கம் என்றால் பதிவாளர் அலுவலகம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பழைய மலபார் பகுதியில் 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம். பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியில் 1955-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். நம் பாலக்காட்டுச் சித்தூர், கொச்சி சமஸ்தானத்தில் இருந்த ஊர். ஆகவே பதிவுச் சான்றிதழில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மனு எழுதுங்கள். 1860 சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பதிவாளரிடம் உள்ள ஆவணங்களைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம் என்கிறது. அறக்கட்டளையாகப் பதிவானதென்றால் வேலை சற்றுக் கடினம். மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல, அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அறக்கொடை ஆணையர் அலுவலகம் கேரளத்தில் இல்லை. நேரடியாகக் கடிதம் எழுதித்தான் கேட்க வேண்டும். அரசுப் பணத்தைப் பெருமளவில் நம்பி நடக்கும் அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதும் நினைவில் இருக்கட்டும்.

தாள்கள் கைக்கு வந்ததும், தணிக்கையாளரின் கையெழுத்துக்கு அருகே 18 இலக்க அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2019 ஜூலை முதல் எல்லாத் தணிக்கை அறிக்கைகளுக்கும் இது கட்டாயம். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, கையெழுத்து உண்மையானதா என்று வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம். பிறகு அறிக்கையில் "தவிர", "உட்பட்டு" என்ற சொற்கள் எங்கெல்லாம் வருகின்றன என்று தேடுங்கள். தணிக்கையாளர் ஒத்துக்கொள்ளாதவற்றை அங்கேதான் எழுதுவார்.

இனி இருப்புநிலைக் குறிப்பு, அதாவது அமைப்பிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு கடன் என்று காட்டும் தாள். இதற்கு மட்டும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். வங்கியில் 18 கோடி இருக்கிறதென்று பார்த்தவுடன் மனம் நிறைந்துவிடக் கூடாது. அதில் எத்தனை கோடி கட்டிப்போடப்பட்ட பணம்? பள்ளிக் கட்டடம் கட்டக் கொடுத்த பணத்தில் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது. வட்டியை மட்டுமே செலவிடலாம் என்று கொடுக்கப்பட்ட மூலநிதியையும் தொட முடியாது. இவை போக எஞ்சுவது பொதுநிதி. அதிலும் ஒரு பகுதி ஏற்கெனவே கட்டடமாகவும் வாகனமாகவும் மாறியிருக்கும். ஒரு பேச்சுக்கு, பொதுநிதி 9 கோடி, அதில் கட்டடமும் வாகனமும் 6 கோடி என்று வைத்துக்கொள்வோம். கையில் புழங்கும் பணம் 3 கோடிதான். ஆண்டுச் செலவு 24 கோடி என்றால் மாதம் 2 கோடி. நாளைக்கு நன்கொடை நின்றால் ஒன்றரை மாதத்தில் அந்த அமைப்பு கதவடைக்க வேண்டியதுதான். மூன்றாண்டுப் படிப்புக்கு வாக்குக் கொடுத்த அமைப்பிடம் ஆறு மாதச் செலவுக்காவது பணம் இருக்க வேண்டும் என்பேன்.

"சேமித்தால் வருமான வரிக்காரர் விடமாட்டார்" என்று சில நிர்வாகிகள் சொல்வார்கள். அந்தப் பேச்சை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். வரிவிலக்குப் பெற்ற அமைப்பு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. மீதி 15 சதவீதத்தைத் தாராளமாகச் சேமிக்கலாம். அதற்கு மேலும் வேண்டுமென்றால், இன்ன நோக்கத்துக்கு என்று எழுதிக்கொடுத்து ஐந்து ஆண்டுகள் வரை வைத்திருக்கவும் வழி உண்டு. ஆண்டுக்கு 15 சதவீதம் என்பது ஏறக்குறைய இரண்டு மாதச் செலவு. மூன்று ஆண்டுகள் ஒழுங்காகச் சேர்த்தால் ஆறு மாதம் தாங்கும்.

இந்தக் கையிருப்பை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. லண்டனில் 1996-இல் தொடங்கிய கிட்ஸ் கம்பெனி என்ற குழந்தைகள் நல அமைப்பு, ஆண்டுகள் பலவாக 4 கோடி பவுண்டுக்கு மேல் அரசுப் பணம் பெற்றது. 2015-இல் அதன்மேல் குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஆகஸ்டு மாதமே மூடிவிட்டார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அரசு 30 லட்சம் பவுண்டு கொடுத்திருந்தது. பிறகு காவல்துறை விசாரித்தபோது குற்றம் நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அறங்காவலர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கும் 2021-இல் தள்ளுபடியானது. ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் பிள்ளைகள் தெருவுக்கு வந்து ஐந்தரை ஆண்டுகள் ஆகியிருந்தன. கையிருப்பு இல்லாத அமைப்பை ஒரு வதந்திகூடச் சாய்த்துவிடும்.

மூன்று ஆண்டுக் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பற்றாக்குறை ஓராண்டு வந்தால் கவலை வேண்டாம். இரண்டாம் ஆண்டும் வந்தால் கேளுங்கள். "வரவேண்டிய மானியம்" ஆண்டுதோறும் பெருத்துக்கொண்டே போனால், வராத பணத்தை வருமானமாக எழுதுகிறார்கள் என்று சந்தேகப்படலாம். பாதிக்கு மேல் பணம் ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தால் அதன் லாபத்தையும் கவனியுங்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. லாபம் குறைந்தால் அந்த நிதியும் குறையும்.

எங்கள் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் எப்போதும் முதலில் பார்ப்பது வைப்புநிதியைத்தான். ஊழியர் வருங்கால வைப்புநிதியை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அமைப்பின் பெயரைக் கொடுத்தால், எந்த மாதம் எவ்வளவு கட்டினார்கள் என்று அந்த நிதி அலுவலகத்தின் இணையதளமே காட்டும். பணமுடை வரும்போது பலரும் முதலில் நிறுத்துவது இதைத்தான்.

நிர்வாகத்தைப் பார்க்க அறங்காவலர் பட்டியல் வேண்டும். நிறுவனரும் அவர் மனைவியும் மைத்துனரும் மட்டுமே இருந்தால், தவறு நடக்கும்போது "வேண்டாம்" என்று சொல்ல யாரும் இல்லை. செலவுக்கு ஒப்புதல் தருகிறவரும் காசோலையில் கையெழுத்திடுகிறவரும் ஒருவரேதானா? அறங்காவலரின் கட்டடத்துக்கு வாடகை போகிறதா? சார்புடைய தரப்பினருடன் நடந்த பரிவர்த்தனைகள் என்ற குறிப்பில் அது இருக்கும். நியாயமான வாடகை என்றால் சட்டம் தடுக்காது. சந்தை விலைக்கு மேல் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து. தணிக்கையாளர் அடிக்கடி மாறியிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதை மட்டும் வைத்து யாரையும் பாராட்டிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் சொல்கிறது. முன்பு 50 ஆக இருந்தது. உச்சவரம்பை மீறினால் தவறுதான். ஆனால் "நூறு ரூபாயில் 98 பிள்ளைகளுக்கே" என்று சொல்லும் அமைப்பில் கணக்கரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது? நல்ல கணக்கருக்குச் சம்பளம் கொடுப்பதும் பிள்ளைகளுக்குச் செய்யும் செலவுதான்.

இதையெல்லாம் பார்த்து முடித்ததும் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மூன்று கேள்விகள் போதும்: கட்டுப்பாடில்லாத கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்கு வரும், இப்போது படிக்கும் பிள்ளைகளின் மீதிப் பருவங்களுக்கான பணம் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறதா, நிறுத்துவதானால் எத்தனை மாதம் முன்பே சொல்வீர்கள். பெற்றோர் எல்லோரும் கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அதே கடிதத்தை மீண்டும் அனுப்பி, நகலைத் தணிக்கையாளரின் முகவரிக்கும் அனுப்புங்கள். அந்த முகவரியைத் தணிக்கை அறிக்கையில் தேடுங்கள்.