மணலுக்கும் உப்புக்கும் ஒரு ஜீப்: அக்சிலில் கை வைக்குமுன்

கனடாவில் இருக்கும் மச்சான் ஒருநாள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பாறை மேல் தொற்றிக்கொண்டு நிற்கும் ஜீப். 37 அங்குல ரயர், லொறிக்குப் போடுகிற மாதிரி அக்சில். "உன்ர சுசுகிக்கும் இப்பிடிச் செய்வம், சாமான் நான் அனுப்பிறன்" என்று கீழே எழுதியிருந்தான். நான் ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்டேன். "யாழ்ப்பாணத்தில ஏறுறதுக்குப் பாறை எங்கையடா இருக்கு?"

நீங்களும் காசை எண்ணுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னுடையது பழைய சுசுகி எஸ்ஜே413. அது ஓடுவது மணற்காடு தொடங்கி செம்பியன்பற்று, வெற்றிலைக்கேணி வரையான வடமராட்சி கிழக்கு மணலில். மாரியில் பூநகரிச் சேறு. வருடத்தில் இரண்டு மூன்று தரம் வன்னிக் காட்டுப் பாதை. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கிற நிலம். இங்கே அக்சிலைத் தின்பது பாறை இல்லை, உப்பு. முறுக்கு விசை தாங்காமல் உடைந்த அச்சை விட, உள்ளே தண்ணீர் போய்ப் பழுதான பெயாரிங்குகளைத்தான் நான் அதிகம் கழற்றியிருக்கிறேன்.

சரி, முதலில் ரயர். மற்ற எல்லாக் கணக்கும் ரயரில்தான் தொங்குகிறது. என் வண்டியில் இருந்தது 205/70, 15 அங்குல றிம். மொத்த உயரம் 26.3 அங்குலம். மணலுக்கு என்று 235/75 போட்டேன், அது 28.9 அங்குலம். பத்து வீதம் கூடிவிட்டது. ரயர் பத்து வீதம் பெருத்தால், டிஃப், அதாவது சாஃப்ற்றின் சுற்றைக் குறைத்து இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிற அக்சில் நடுப் பல்லுப்பெட்டி, அந்த அளவுக்கு இழுவை குறைந்த டிஃப் மாதிரி ஆகிவிடும். மீற்றர் 60 காட்டும்போது நீங்கள் 66 இல் போவீர்கள். 1.3 லீற்றர் எஞ்சின் ஐந்தாம் கியரில் முக்கும். மணலில் இரண்டாம் கியர் இழுக்காது, முதலாம் கியரில் எஞ்சின் கத்தும். பழைய இழுவை திரும்பவும் வேண்டுமென்றால் டிஃப் ரேஷியோவை, அதாவது சில்லின் ஒரு சுற்றுக்குச் சாஃப்ற் சுற்றுகிற எண்ணிக்கையை, பழைய ரயர் உயரத்தால் வகுத்துப் புதிய ரயர் உயரத்தால் பெருக்குங்கள். என் 3.909 அப்போது 4.29 ஆக வேண்டும்.

அந்த 3.909 எங்கிருந்து வந்தது? டிஃபுக்குள் இருக்கிற பெரிய பல்லுச்சக்கரமான கிரௌன் வீலில் 43 பல்லு, அதைச் சுற்றுகிற சின்னப் பினியனில் 11 பல்லு. புத்தகத்தில் பார்த்தது இல்லை, எண்ணி எடுத்தது. சந்தைக்குச் சந்தை ரேஷியோ மாறும். இங்கே ஓடுகிற பழைய வண்டிகளில் எந்தக் காலத்தில் யார் எதை மாற்றிப் போட்டார்கள் என்று வண்டியைப் பெற்றவனுக்கும் தெரியாது. 2020 இல் இருந்து 2025 வரை வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்ததால் ஒரு வண்டிக்குள் மூன்று வண்டியின் சாமான் இருப்பது சாதாரணம்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. பின் டிஃப் சத்தம் போடத் தொடங்கியதும் கொழும்பில் ஒரு கடையில் பாவித்த டிஃப் ஒன்று வாங்கினேன். "அதே ரேஷியோதான் அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு போடுங்கோ" என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டேன். கடற்கரையில் 4 சில்லு இழுவையில் நன்றாகவே ஓடியது. அன்று பின்னேரம் நெம்புகோலை 4 இலேயே மறந்து விட்டுவிட்டுத் தார் றோட்டில் ஏறினேன். நேர் றோட்டுத்தான். அரைக் கிலோமீற்றர் போகவில்லை, வண்டியை யாரோ கயிறு கட்டிப் பின்னால் இழுக்கிற மாதிரி. நிறுத்தி நெம்புகோலை இழுத்தால் அசையவில்லை. ரிவேர்சில் நாலு மீற்றர் போன பிறகுதான் "டக்" என்று விட்டது. வீட்டுக்கு வந்து கழற்றி எண்ணினேன். முன்னுக்கு 43க்கு 11, பின்னுக்கு 41க்கு 11. 3.909, 3.727. ஏறக்குறைய ஐந்து வீதம், அதாவது 20 சுற்றுக்கு ஒரு சுற்று இழுபறி. மணலில் சில்லு வழுக்கி அந்த ஒரு சுற்றைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை, அத்தனையும் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற ட்ரான்ஸ்பர் கேசுக்குள் போய் இறுகும். நடுவில் டிஃப் இல்லாத வண்டியில் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோவாகத்தான் இருக்க வேண்டும். "கிட்டத்தட்ட" சரிவராது.

டிஃபைத் திறக்காமலே எண்ணலாம். ஒரு பின்சில்லை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். நிலத்தில் நிற்கிற சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், இதில் சோம்பல் வேண்டாம். கியரும் ட்ரான்ஸ்பரும் நியூட்ரலில், ஹான்ட் பிரேக் விட்டபடி. புறொப்பெல்லர் சாஃப்ற்றில் சோக்கால் ஒரு கோடு, ரயரில் ஒரு கோடு. சில்லை 20 சுற்றுச் சுற்றச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே படுத்துச் சாஃப்ற்றை எண்ணுங்கள். ஒரு பக்கம் நிலத்தில் நிற்பதால் சில்லு இரண்டு சுற்றினால்தான் கிரௌன் வீல் ஒன்று சுற்றும். ஆகவே 20 சுற்றுக்குச் சாஃப்ற் 39 சுற்றிக் கொஞ்சம் தாண்டினால் 3.9. முப்பத்தேழேகால் வந்தால் 3.73. இரண்டே சுற்றோடு நிறுத்தினால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. முன்னுக்குச் செய்யும்போது ஹப்பை (முன்சில்லை அச்சோடு பூட்டுகிற குமிழை) லொக் பண்ண மறக்காதீர்கள். கடைக்குப் போனாலும் இதே வேலைதான்: டிஃப் அக்சிலோடு இருந்தால் சுற்றி எண்ணுங்கள், தனியாக இருந்தால் பல்லை எண்ணுங்கள். கடைக்காரர் சலித்துக்கொள்வார், கொள்ளட்டும்.

இனி ரேஷியோவை எங்கே மாற்றுவது? இரண்டு டிஃபையும் மாற்றலாம். இரண்டு மடங்கு செலவு, இரண்டு மடங்கு செற்றிங் வேலை. எஸ்ஜே வண்டிகளில் ட்ரான்ஸ்பர் கேஸ் தனிப் பெட்டியாகத் தொங்குவது நமக்கு அதிர்ஷ்டம். 413 இன் பெட்டியில் ஹை (சாதாரண ஓட்டம்) 1.409, லோ (மெதுவான, இழுவை கூடின ஓட்டம்) 2.268. அதற்கு மூத்த 410 இன் பெட்டியில் 1.580, 2.511. ஹையில் 12 வீதம், லோவில் கிட்டத்தட்ட 11 வீதம் இழுவை கூடும். என் ரயர் தின்றது 10 வீதம். கணக்குப் பொருந்துகிறதா? டிஃப் இரண்டையும் தொடாமல் நான் அந்தப் பெட்டியைத்தான் போட்டேன். ஃபிளேஞ்ச் துளைகள் உங்கள் சாஃப்ற்றுக்கு ஒத்துவருமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

மச்சான் சொன்னது லோ 4.16 வருகிற கியர் செற். முதலாம் கியர் 3.652, அதை 4.16 ஆலும் 3.909 ஆலும் பெருக்கினால் 59. பழைய வண்டியில் அது 32. பாறையில் ஆமைபோல ஏற 59 அருமையானது. மணலில் சில்லுக்குக் கொஞ்சம் வேகம் வேண்டும். 59 இல் எஞ்சின் கத்தும், வண்டி நின்ற இடத்திலேயே கிணறு வெட்டும். அதோடு, பெருக்கின அவ்வளவு முறுக்கும் அச்சுக்குத்தான் போகிறது.

ஓர் அக்சிலின் இரண்டு சில்லையும் ஒன்றாகச் சுற்ற வைக்கிற பூட்டான லொக்கர் பற்றி எல்லாரும் கேட்பார்கள். எங்களுக்குப் புதுசா அது? கரைவலை இழுக்கிற உழவு மெசினில் காலுக்குக் கீழே ஒரு டிஃப் லொக் பெடல் இருக்கிறதே, அதுதான். மணலில் முதலில் ரயர்க் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கிப் பாருங்கள். பத்தில் எட்டுத் தரம் அதுவே காணும். சேற்றில் அடிக்கடி போகிறவர் பின்னுக்கு ஒரு லொக்கர் போடலாம். பழைய கூட்டுக்குள்ளேயே இறங்குகிற தானியங்கி வகை மலிவு, பினியன் செற்றிங்கைக் குழப்பாது. ஆனால் தார் வளைவில் டக் டக் என்று சத்தம் போடும். காற்றால் பூட்டுவதற்குக் கொம்பிரசர், குழாய், சுவிட்ச் எல்லாம் வேண்டும். வெல்ட் அடித்து இறுக்கின டிஃபோடு றோட்டில் ஓடாதீர்கள். முன்னுக்கு லொக்கர் போட்டால் ஸ்ரியரிங் பாரமாகும், முழுக்க வெட்டின நிலையில் அக்சிலேற்றரை மிதித்தால் முன்சில்லு திரும்புகிற நக்கிளுக்குள் இருக்கும் ஜொயின்ற் உடையும். அதற்குக் குரோம்மொலி (பலமான கலப்பு உருக்கு) அச்சு போடு என்பார்கள். போட்டால் அடுத்துக் கிரௌன் வீல் பல்லு போகும். அச்சு என்றால் ஒரு பின்னேரத்தில் மரநிழலில் மாற்றிவிடலாம். பல்லு போனால் வண்டி லொறியில்தான் வரும். ஆகவே அச்சை நான் பழைய பலத்திலேயே விட்டிருக்கிறேன்.

டிஃப் பூட்டுகிற ஆளையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். மண்ணெண்ணெயில் கார் ஓட்டின ஊர் இது, பழைய ஒஸ்ரின் ஏ40 காரை இன்னும் ஓடவைக்கிற கைகள் இங்கே இருக்கின்றன. எஞ்சினில் அந்தக் கைக்கு நான் கும்பிடு போடுவேன். டிஃபில் "கைக்குச் சரியாத்தான் இருக்கு" என்பது செல்லாது. டயல் கேஜ் வைத்துப் பல் இடைவெளி பார்க்கிறாரா, பல்லில் மை பூசிச் சுற்றித் தடம் எங்கே விழுகிறது என்று பார்க்கிறாரா, பினியனின் நசுங்கும் புஷ்ஷைப் புதிதாகப் போடுகிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் வண்டியை விடுங்கள்.

செலவில் மிகக் குறைந்ததை நான் கடைசியில்தான் செய்தேன், முதலில் செய்திருக்க வேண்டும். அக்சில் கூட்டின் மேல் விரல் நுனியளவு ஒரு மூச்சுக்குழாய் இருக்கிறது. ஓடிச் சூடான டிஃப் களப்புத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கும், அந்த வழியாலும் சீல் வழியாலும் உப்புத் தண்ணீரை உறிஞ்சும். தேவையான நீளத்துக்குப் பெற்றோல் ஹோஸ் வாங்கி, அந்தக் குழாயை பொனற்றுக்குக் கீழே உயரமாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள். வாய் கீழே பார்க்கட்டும், பழைய பெற்றோல் ஃபில்ற்றர் ஒன்றைச் செருகினால் தூசியும் போகாது. முன், பின், ட்ரான்ஸ்பர் மூன்றுக்கும்.

கடற்கரையால் வந்த அன்றே கழுவ வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவது கழுவாமல் விடுவதற்குச் சமம், எங்கள் வளவுக் கிணறும் கோடையில் அப்படித்தான், நல்ல தண்ணீருக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போகிறேன். அடுத்த நாள் காலை, வண்டி அசையாமல் நின்ற பிறகு, டிஃபின் கீழ்ப் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கி முதலில் அதுதான் சொட்டும். எண்ணெய் பால்த்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் முழுவதையும் வடித்து ஜிஎல்-5, 80-90 எண்ணெய் விட்டு, பத்துக் கிலோமீற்றர் ஓடி, சூட்டோடு மறுபடி வடித்துவிட்டுப் புதிது விடுங்கள். முதல் விட்ட எண்ணெயை வீசாதீர்கள், கேற் பிணைச்சலுக்கு ஆகும்.