அங்கே லைட் அடித்தால் அர்த்தமே வேறு: அமெரிக்காவில் வண்டி ஓட்டப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவுக்குப் போகிற நம்மூர் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "வலது பக்கம் ஓட்டணுமாமே, கஷ்டமா?" என்பதுதான். கஷ்டமில்லை. நெரிசலான சாலையில் முன்னால் போகிற வண்டியின் பின்னாலேயே போனால் போதும், தவறு செய்ய நினைத்தாலும் முடியாது. ஆபத்து இருப்பது காலி சாலையில்தான், அதுவும் பெட்ரோல் பங்க்கிலிருந்தோ கடையின் பார்க்கிங்கிலிருந்தோ வெளியே வந்து திரும்புகிற அந்த ஒரு நொடியில். நான் நியூ ஜெர்சி போன மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பால் வாங்கிவிட்டு வெளியே வந்தேன், சாலையில் ஈ காக்கை இல்லை, பத்து வருஷம் திருநெல்வேலியில் ஓட்டிய கை தானாக வண்டியை இடது ஓரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது, நானும் பாட்டுக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகப் போகிறேன், எதிரே இரண்டு ஹெட்லைட் நேராக என்னைப் பார்த்து வருகிறது. 'என்ன இவன் ராங் சைடில் வருகிறான்' என்று திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது, ராங் சைடு நான்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. டிரைவர் சீட் எப்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். நம்மூரிலும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் நடுக்கோடு உங்கள் தோள் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் முதல் மாதம் முழுக்க இண்டிகேட்டர் போடப் போய் வைப்பரைப் போடுவீர்கள், ஏனென்றால் நம்மூர் வண்டிகள் பலவற்றில் வலது கையில் இருக்கிற இண்டிகேட்டர் குச்சி அங்கே இடது கையில் இருக்கும். வெயிலில் வைப்பர் ஓடுகிற வண்டியைப் பார்த்தால், ஓட்டுகிறவர் ஊருக்குப் புதுசு என்று தெரிந்துகொள்ளலாம்.

இதெல்லாம் கை பழகினால் சரியாகிவிடும். பழக்கத்தால் சரியாகாதது, நாம் ஒருவருக்கொருவர் சாலையில் பேசிக்கொள்கிற பாஷை. நம்மூரில் எதிரே வருகிற பஸ் லைட் அடித்தால் என்ன அர்த்தம்? 'நான் நிற்கப் போவதில்லை, நீ ஒதுங்கு.' அங்கே பெரும்பாலும் அதற்கு நேர் எதிர்: 'நீ போ, நான் நிற்கிறேன்.' எதிர்த் திசையில் இடதுபுறம் திரும்புவதற்காக ஒருவர் காத்திருக்கிறார், அவர் குறுக்கே வந்துவிடுவாரோ என்ற பயத்தில் நீங்கள் ஊர் வழக்கப்படி இரண்டு தடவை லைட் அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் 'நில்லு' என்று சொன்னது அவருக்கு 'வாங்க சார்' என்று கேட்கும், கையைக் காட்டி நன்றி சொல்லிவிட்டு நேராக உங்கள் பம்பருக்கு முன்னால் வந்து சேருவார். போதாக்குறைக்கு இதே லைட்டுக்கு 'முன்னால் போலீஸ் நிற்கிறது', 'உன் ஹெட்லைட் எரியவில்லை' என்றும் அர்த்தங்கள் உண்டு. புதிதாகப் போனவர்கள் லைட் அடிக்காமல் இருப்பதே நல்லது.

ஹாரனும் அப்படித்தான். நம்மூரில் அது ஒரு தகவல், லாரிக்குப் பின்னால் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதிவைத்துக் கேட்டு வாங்குகிறோம். அங்கே அது வசவு. (பிரிட்டனில் இன்னும் ஒரு படி மேல், ஊருக்குள் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை ஹாரன் அடிக்கவே கூடாது.) சந்திப்பில் நேராகப் போவதற்கு நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டே, அதை விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள். வண்டி ரிப்பேர் என்றுதான் நினைப்பார்கள்.

நம்மூரில் இடம் கிடைத்தால் போகிறோம், அங்கே முறை வந்தால் போக வேண்டும். இது புரிவதற்கு நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு வைத்த சந்திப்பு ஒன்று போதும். சிக்னல் கிடையாது, போலீஸ் கிடையாது. யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போவார், இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் வலதுபுறம் இருப்பவருக்கு முதல் உரிமை. நாம் செய்கிற தவறு, முன்னால் போகிற வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு நாமும் நைசாகப் போய்விடுவது. ஒவ்வொரு வண்டியும் கோட்டுக்கு வந்து தனியாக நின்று போக வேண்டும். நிற்பது என்றால் சக்கரம் முழுசாக நிற்பது, முதல் கியரில் ஊர்ந்துகொண்டே இரண்டு பக்கமும் எட்டிப்பார்ப்பது கணக்கில் சேராது. அதேபோல் முறை உங்களுடையது என்றால் போய்விடுங்கள், தாராள மனசோடு அடுத்தவருக்குக் கையைக் காட்டிக்கொண்டு நின்றால் நாலு பேரும் குழம்புவார்கள்.

சிவப்பு விளக்கில் முழுசாக நின்று, பார்த்து, வலதுபுறம் திரும்பலாம் என்பது பெரும்பாலான இடங்களில் உண்டு. ஆனால் நியூ ஜெர்சியிலிருந்து ஹாலண்ட் சுரங்கத்தில் நுழைந்து மன்ஹாட்டனில் வெளியே வந்தால் சட்டம் மாறிவிடும், நியூயார்க் நகரத்துக்குள் அனுமதிக்கும் பலகை இல்லாமல் அப்படித் திரும்பக்கூடாது. நியூ ஜெர்சிக்குப் பேர்போன இன்னொரு கூத்து, சில பெரிய சாலைகளில் இடதுபுறம் திரும்ப வேண்டுமென்றால் வலதுபுறமாக வெளியேறிச் சுற்றி வர வேண்டும். ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் நான் இடது லேனில் காத்துக் காத்து மூன்று சந்திப்பைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஆகவே நண்பர் வேறு மாநிலத்திலிருந்து சொல்கிற சட்டத்தை நம்பாமல், நீங்கள் இருக்கிற மாநிலத்தின் கையேட்டை ஒரு தடவை படித்துவிடுங்கள். கையில் இருக்கிற இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் ஒரு வருஷத்துக்குத்தான், அதுவும் ஊரில் வாங்கிய அசல் லைசென்ஸ் கூடவே இருந்தால்தான் செல்லும்.

மஞ்சள் நிற ஸ்கூல் பஸ்ஸை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிவப்பு விளக்கு மின்னி, பக்கவாட்டில் 'ஸ்டாப்' பலகை நீண்டால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் பின்னால் வருகிறவர்கள் மட்டுமல்ல, எதிரே வருகிறவர்களும் நிற்க வேண்டும். நியூ ஜெர்சியில் 25 அடி தள்ளி நிற்க வேண்டும், மீறினால் முதல் தடவையே 100 டாலருக்குக் குறையாத அபராதம், லைசென்ஸில் 5 தண்டப் புள்ளி. எதிர்ப்பக்கம்தானே என்று ஓரமாக நழுவிப் போவதுதான் நம்மவர்கள் மாட்டுகிற இடம்.

போலீஸ் நிறுத்தினால் நம்மூரில் என்ன செய்வோம்? வண்டியை ஓரங்கட்டி, ஆர்.சி., இன்சூரன்ஸை எல்லாம் எடுத்துக்கொண்டு, இறங்கி, ஐயாவிடம் மரியாதையாக நடந்து போவோம். உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினால்தான் திமிர். இந்த நினைப்பில் நான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்ததும், பின்னாலிருந்து ஸ்பீக்கரில் "வண்டிக்குள்ளேயே இரு!" என்று வந்த சத்தத்தில் கால் தானாக உள்ளே போய்விட்டது. அங்கே துப்பாக்கி யார் கையில் வேண்டுமானாலும் இருக்கலாம், இறங்கி நடந்து வருகிறவனைப் பார்த்தால் போலீஸ்காரருக்குத்தான் பயம். வலது ஓரத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு காத்திருங்கள், காகிதத்தை அவர் கேட்ட பிறகு எடுங்கள். பர்ஸைத் திறந்து 'பார்த்து முடிச்சுவிடுங்க சார்' என்கிற யோசனையே வரக்கூடாது, அபராதத்தோடு போக வேண்டியது கைதில் போய் முடியும்.

மற்ற நாடுகளுக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜெர்மனியில் அதிவேகச் சாலையில் வலதுபுறமாக ஓவர்டேக் செய்யக்கூடாது, பலகையே இல்லாத தெருச் சந்திப்பில் வலதுபுறத்திலிருந்து வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும், அது சந்திலிருந்து வந்தாலும். துபாயில் பலகையில் போட்ட வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை கேமரா விட்டுவிடும், அதே நினைப்பில் அபுதாபி எல்லையைத் தாண்டினால் மாட்டினீர்கள். அங்கே அந்தச் சலுகையை 2018-லேயே எடுத்துவிட்டார்கள்.

திரும்பி ஊருக்கு வரும்போது இதே தவறுகள் தலைகீழாக வரும், அதை யாரும் சொல்வதில்லை. நாலு வருஷம் கழித்து வந்த நான், மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்ணார்பேட்டைப் பக்கம் யூ-டர்ன் எடுக்க நின்றேன். தூரத்தில் வந்த லாரி இரண்டு தடவை லைட் அடித்தது. நல்ல மனுஷன், வழி விடுகிறார் என்று கையைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். லாரி ஹாரனும் பிரேக்கும் சேர்ந்து அலறியதில் மாமா டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் லைட் அடிச்சான்லா மாமா!"

"அடிச்சா நிக்கணும்லே, கோட்டிப்பயலே! சாவியக் கொடு."

கொடுத்துவிட்டேன்.