சுரங்கக் கழிவு மேடு: மண், பாறை சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டில் கொட்டும் மண்ணைச் சோதித்துவிட்டு, மேடு உட்காரும் தரையைச் சோதிக்காமல் விடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்துக்கு மேலே, ஏழாம் எண் கழிவு மேட்டை நீரூற்றுகளின் மீதே கொட்டினார்கள். அந்த ஊற்றுகள் வரைபடத்திலேயே இருந்தன. 1966 அக்டோபர் 21 அன்று மேடு குழம்பாகி வழிந்து பள்ளியை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். முதல் லாரி மண் கொட்டும் முன்பே பழைய வரைபடங்களில் ஓடை, ஊற்று, தூர்ந்த குளம் எல்லாவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும். கெட்டித் தரை தட்டும்வரை சோதனைக் குழி தோண்ட வேண்டும். கரிசல் மண்ணோ சேறோ இருந்தால் வழித்தெடுத்த பிறகே கொட்டலாம்.

அடுத்தது, ஆய்வகத்தில் கொடுக்கும் எடை. நேரடி ஷியர் சோதனையை (மண்ணைப் பெட்டியில் இட்டு, மேலே எடை வைத்து, பெட்டியின் ஒரு பாதியை நகர்த்தி மண் சறுக்காமல் தாங்கும் வலிமையை அளப்பது) 50, 100, 200 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் செய்து முடித்துவிடுவது வழக்கம். கன மீட்டருக்கு 1.8 டன் எடையுள்ள கழிவை 60 மீட்டர் உயரத்துக்குக் குவித்தால், அடியில் அழுத்தம் ஏறக்குறைய 1,060 கிலோபாஸ்கல். அந்த அழுத்தத்தில் கற்களின் முனைகள் நொறுங்கும், உராய்வுக் கோணம் (துகள்கள் ஒன்றோடொன்று உரசித் தாங்கும் வலிமையின் அளவு) குறையும். அழுத்தம் ஏற ஏற வலிமை ஏறுவதைக் காட்டும் வரைபடத்தில், குறைந்த அழுத்தத்தில் கிடைத்த நேர்கோட்டை அப்படியே நீட்டினால் இல்லாத வலிமை இருப்பதாகக் கணக்கு காட்டும். சோதனை அழுத்தம் மேட்டின் முழு உயரத்துக்கும் ஈடாக இருக்க வேண்டும்.

60 மில்லிமீட்டர் ஷியர் பெட்டிக்குள் கல் போகாது என்று 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துப் பொடியை மட்டும் சோதிப்பதும் சரியல்ல. கல் மிகுந்த கழிவுக்கு 300 மில்லிமீட்டர் பெட்டி தேவை. மாதிரியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். உச்சியிலிருந்து தள்ளும்போது பெரிய கற்கள் உருண்டு அடிக்குப் போகும், பொடி மேலேயே தங்கும். மேலே மட்டும் அள்ளினால் பாதி மேடுதான் தெரியும். மாதிரியை நன்றாகக் குத்தி இறுக்கிச் சோதிப்பதும் அதே வகைத் தவறு. லாரியிலிருந்து கொட்டிய மண் அவ்வளவு இறுக்கமாக இருக்காது.

கோடையில் எடுத்த காய்ந்த மாதிரி 30, 40 கிலோபாஸ்கல் பிணைப்பு (துகள்கள் ஒட்டிக்கொள்ளும் வலிமை) காட்டும். அதை நம்பவே கூடாது. ஈரப்பசையின் இழுவிசையால் வரும் அந்தப் பிணைப்பு, வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறியதும் போய்விடும். மாதிரியை நீரில் ஊறவைத்துத்தான் சோதிக்க வேண்டும். களிக்கல், ஷேல் போன்றவை வெட்டும்போது பாறை மாதிரி இருக்கும், இரண்டு மழையில் களியாகிவிடும். இவற்றுக்கு நீர்ச்சிதைவுச் சோதனை அவசியம்: 40 முதல் 60 கிராம் எடையுள்ள பத்துத் துண்டுகளை உலர்த்தி, 2 மில்லிமீட்டர் வலை உருளையில் இட்டு, நீரில் நிமிடத்துக்கு 20 சுற்று வீதம் 10 நிமிடம் சுழற்ற வேண்டும். மீண்டும் உலர்த்தி இன்னொரு முறை. மீதி எடை கணிசமாகக் குறைந்தால் அதைப் பாறைக் கணக்கில் சேர்க்காமல் களிமண்ணாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலியைப் போல மணற்கல்லும் களிமண்ணும் மாறி மாறி வரும் இடங்களில் சராசரி எண் ஏமாற்றும். சறுக்கல் வலுவற்ற களி அடுக்கைத் தேடித்தான் ஓடும். அந்தக் களியைத் தனியே, ஏற்கெனவே சறுக்கிய தளத்தில் எஞ்சும் வலிமை தெரியும்வரை முன்னும் பின்னுமாகத் தேய்த்துச் சோதிக்க வேண்டும்.

நிலக்கரிச் சுரங்க விதிகள் சொல்லும் 37.5 பாகை சரிவும் 30 மீட்டர் படி உயரமும் மேல்வரம்புகள் மட்டுமே. ஈரக் களி கலந்த கழிவு அதற்கு வெகு முன்பே சரியும். வெட்டும் அடுக்கு மாறும்போதெல்லாம் புதிய மாதிரி எடுங்கள். மேட்டின் அடியில் பீசோமீட்டர் (மண்ணுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் கருவி) பதித்து, மழைக்காலத்தில் தினமும் அளவு குறியுங்கள்.